கண்ணாடியா, மார்க் தாளா, மூன்று வரிக் குறிப்பா?

சேலம் அஸ்தம்பட்டியில் சனி, ஞாயிறு மட்டும் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். வரைந்து முடித்ததும் தாளை நீட்டி, "சார், நல்லா இருக்கா?" என்பார்கள். "உனக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். தன் படத்தைத் தானே எடைபோடப் பழக்குவதற்கு மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

முதலாவது மார்க் தாள். அமைப்பு, அளவு, கோடு, நிழல், சுத்தம் என்று ஐந்துக்கும் பத்துப் பத்து. ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர் என்ற அரசு ஓவியத் தேர்வுகளை எழுதும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது பிடிக்கும். ஆனால் துணிச்சல்காரர் எல்லாவற்றுக்கும் எட்டு போடுகிறார், கூச்சக்காரர் ஐந்து. மார்க் விழுந்ததும் படத்தைப் பார்ப்பதும் நின்றுவிடுகிறது.

அடுத்தது கண்ணாடி. படத்தைக் கண்ணாடியில் பார், வேறொருவர் வரைந்ததுபோல் தெரியும் என்று லியொனார்டோ டா வின்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்த கண்ணுக்குக் கோணல் பழகிவிடுகிறது; இடவலம் மாறியதும் பளிச்சென்று தெரிகிறது. பித்தளைச் செம்பு வரைந்த ஒரு பையன், "சார், சாஞ்சு நிக்குது!" என்று தானே சிரித்தான். போனில் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக்கினால் நிழலும் வெளிச்சமும் பிரிந்திருக்கிறதா என்பதும் தெரியும். என்ன, கையில் போன் வந்தால் ரீல்ஸும் வந்துவிடும்.

அதே செம்பில் இன்னொரு தப்பு இருந்தது. வாயை நீள்வட்டமாக வரைந்தவன் அடியை ஸ்கேல் வைத்ததுபோல் நேர்கோடாகப் போட்டிருந்தான். தரையில் தட்டையாக உட்காருகிறதே என்ற நினைப்பு. நேர்கோட்டைக் கண்ணாடியில் திருப்பினாலும் நேர்கோடுதானே!

அங்கேதான் மூன்றாவது வழி கைகொடுத்தது. படத்தின் பின்பக்கம் தேதி போட்டு மூன்று வரி: எது சரியாக வந்தது, எது உதைக்கிறது, அடுத்த முறை எதை மாற்றுவேன். முதலில் எல்லோரும் "நிழல் சரியில்லை" என்றே எழுதினார்கள். "எங்கே? விரலை வை" என்று விடாமல் கேட்டேன். மூக்கனேரியை வரைந்த ஒரு பெண் பிறகு இப்படி எழுதினாள்: "திட்டில் உள்ள மரமெல்லாம் ஒரே உயரம். தண்ணீரில் ஒரு மரம் குறைகிறது." அடுத்த படத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

செம்புப் பையனின் நான்கு படங்களை ஒரு மாதம் கழித்து வரிசையாகப் பரப்பினோம். மூன்றில் "அடி ஒட்டவில்லை" என்று அவனே எழுதியிருந்தான். செம்பைக் கண்மட்டத்துக்குத் தூக்கிக் காட்டினேன். வாய் ஒரு கோடாகிவிட்டது. இறக்க இறக்க வட்டம் விரிந்தது. "அப்போ அடி வாயைவிட இன்னும் வளையணுமா?" என்றான்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி போதும், எழுதச் சொன்னால் ஓடிவிடுவார்கள். தேர்வு எழுதுகிறவர்களுக்கு மார்க் தாளைக் கடைசி இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குக் கண்ணாடி, அப்புறம் குறிப்பு. கண்ணாடி மட்டும் இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் உடையும்.