சீமைக் கருவேலம் வெட்டக் கமான் பட்டையில் அடித்த அரிவாள்

வரப்போரம் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தை வெட்டுவதற்காகத் திருப்பாச்சேத்தியில் ஒரு பட்டறையில் சொல்லி அடித்து வாங்கிய அரிவாளை ஏழு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். எந்த இரும்பில் அடித்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இதற்கு முன் வாங்கிய இரண்டும் இரும்பின் குற்றத்தால்தான் கெட்டன.

முதலாவது ஒரு கடையில் ஆயத்தமாகத் தொங்கியது. கால் சதவீதம்கூடக் கார்பன் இல்லாத சாதா இரும்பு, காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கும் தோய்ச்சலை எவ்வளவு போட்டாலும் கெட்டிப்படாது என்பதால், பச்சைக் கிளையில் பத்து வெட்டு விழுவதற்குள் வாய் மடங்கிவிட்டது. இரண்டாவது, பழைய அரத்தைக் காய்ச்சி அடித்தது. அரத்தில் கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும். கூர் அபாரமாக நின்றது. ஆனால் காய்ந்த கணுவில் ஓங்கிப் போட்டபோது நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. அது கண்ணில் படாமல் போனது தெய்வச் செயல்.

புதர் வெட்டுகையில் ஒவ்வொரு வெட்டும் ஓர் அடி. அந்த அதிர்ச்சியைத் தாங்கும் வலு கூரைவிட முக்கியம். லாரிக் கமான் பட்டை, பாரத்தை ஏந்தி ஓயாமல் வளைந்து நிமிர்வதற்கென்றே உருக்கப்படும் எஃகு. இந்த வேலைக்குப் பெயர்பெற்ற 5160 என்னும் வகையில் கார்பன் 0.56 முதல் 0.64 சதவீதம் வரையும் குரோமியம் 0.7 முதல் 0.9 சதவீதம் வரையும் இருக்கும். சிலிக்கன் கூடுதலாகச் சேர்த்த பட்டைகளும் உண்டு. நான் கழித்துப்போட்ட பட்டை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். ஆசாரி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "ஓடின பட்டையில கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும் தம்பி, தோய்ச்சல்லதான் அது வாயைத் திறக்கும்" என்றார். ஓடாத புதுப் பட்டையின் வெட்டுத் துண்டுக்குக் கூடுதலாக 150 ரூபாய் கொடுத்தேன். அது வீண் போகவில்லை.

நல்ல எஃகும் தோய்ச்சல் தவறினால் சாதா இரும்புதான். அடித்து முடித்த அலகைக் காந்தம் ஒட்டாத நிலை தாண்டும்வரை காய்ச்சினார். இரும்பு ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தத் தன்மையை இழக்கும், அதற்குச் சற்று மேலேதான் தோய்க்கும் சூடு. இந்த வகை எஃகைத் தண்ணீரில் இட்டால் வெடிக்கும் என்று எண்ணெயில் இறக்கினார். பிறகு அலகைத் தேய்த்து வெளுப்பாக்கி, பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டையின்மேல் முதுகுப் பக்கத்தைச் சாய்த்து வைத்தார். சூடு ஏற ஏற, அலகில் வைக்கோல் நிறம் முதுகிலிருந்து மெல்ல வாயை நோக்கி நகர்ந்தது. பின்னாலேயே பழுப்பு, ஊதா, நீலம். பழுப்பு வாயைத் தொட்ட கணத்தில் தண்ணீரில் முக்கினார். வாய் கெட்டியாகவும் முதுகு வளைந்துகொடுப்பதாகவும் அமைந்தது இந்த ஒரு காரியத்தால்தான்.

துருப்பிடிக்காத எஃகில் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அதற்குச் சூட்டைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் உலை வேண்டும், கரி உலைக்கு அது ஒத்துவராது. கமான் பட்டை துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

இரண்டு விரல் கனத்துத் தண்டு ஒரே வெட்டில் விழுகிறது. வாய் இதுவரை பொரியவும் இல்லை, மடங்கவும் இல்லை. மழுங்கும்போது வரப்பிலேயே உட்கார்ந்து அரத்தால் நாலு இழுப்பு இழுத்துக் கொள்ளலாம். அரம் கடிக்கும் அளவுக்கே கெட்டி வைத்திருப்பது பெரிய வசதி. குறை என்றால், மூன்றாம் மாதம் பூண் தளர்ந்து பிடி ஆடியது; கொண்டுபோனதும் காசு வாங்காமல் இறுக்கிக் கொடுத்தார். எடை ஒரு கிலோவை நெருங்குவதால் மெல்லிய முள்கிளைகளைக் கழிக்கையில் மணிக்கட்டு வலிக்கிறது. பட்டை உட்பட 1,000 ரூபாய் ஆயிற்று. வீட்டில் பெண்கள் புழங்குவதற்காக, இதே பட்டையில் கனத்தைக் குறைத்து இன்னொன்று அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.