குயில்ட் துண்டு இணைப்பு: முனையில் ரிவர்ஸ் அடிப்பதா, அப்படியே விடுவதா?

உடை தைத்துப் பழகியவர்கள் தையல் தொடங்கும்போதும் முடியும்போதும் யோசிக்காமலே மூன்று நான்கு குத்து ரிவர்ஸ் அடித்துவிடுவார்கள், அதாவது முனை பிரியாமலிருக்க மெஷினைப் பின்னோக்கி ஓட்டி அதே இடத்தில் தைப்பார்கள். சட்டைக்கு அது சரி. குயில்ட் என்பது மேல் அடுக்கு, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை. அதன் மேல் அடுக்குக்காகச் சின்னச் சின்னத் துண்டுகளை மெஷினில் இணைக்கும்போது அதே பழக்கம் தேவையா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தையல் நீளத்தை 2 மி.மீ. வைத்துக்கொண்டு முனைகளை அப்படியே விட்டுவிடலாம். ரிவர்ஸுக்கும் இடமுண்டு, அந்த இடங்கள் குறைவு.

ரிவர்ஸ் அடித்தால் முனை உறுதியாக இருக்கும், நேரமும் நூலும் கூடுதலாகப் போகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: அந்த முனையைக் குறுக்கே இன்னொரு தையல் கடக்கப்போகிறதா, இல்லையா?

மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டம் கொண்ட ஒரு பிளாக்கை (துண்டுகளை இணைத்த ஒரு சதுர அலகு) எடுத்துக்கொள்ளுங்கள். கட்டங்களை வரிசையாக்க 6 சிறு தையல், வரிசைகளைச் சேர்க்க 2 நீளத் தையல். மொத்தம் 16 முனைகள். இவற்றில் 8 முனைகள் நீளத் தையல் குறுக்கே ஓடும்போதே பூட்டிக்கொள்கின்றன. மீதி 8 பிளாக்கின் ஓரத்தில் நிற்கும். பக்கத்து பிளாக்கையோ, சுற்றிலும் வரும் கரையான பார்டரையோ இணைக்கும்போது அவையும் பூட்டிக்கொள்ளும். குறுக்குத் தையல் ஓரத்திலிருந்து கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. உள்ளே ஓடுகிறது. ஆகவே முனை பிரிந்தாலும் 6 மி.மீ.க்குள் நின்றால் ஒரு பாதிப்பும் இல்லை. 2 மி.மீ. நீளத்தில் அது மூன்று குத்து. கையாளும்போதும் இஸ்திரி போடும்போதும் ஒன்றிரண்டு பிரியலாம். மூன்றாவதைத் தாண்டிப் பிரிந்தால் நூல் இழுவிசை தளர்வாக இருக்கிறதா, தொங்கும் நூலை யாராவது பிடித்து இழுத்தார்களா என்று பாருங்கள். அப்படிப் பிரிந்துவிட்டால், பிரியாத பகுதியில் 1 செ.மீ. உள்ளேயிருந்து தொடங்கி ஓரம் வரை மேலேயே தைத்துவிட்டால் போதும். பல மெஷின்கள் தாமாக வைத்துக்கொள்ளும் 2.5 மி.மீ. நீளத்தில் அந்தக் கால் அங்குலத்துக்குள் இரண்டு குத்துக்குச் சற்று மேல்தான் விழும். அதனால்தான் 2 மி.மீ. என்று அழுத்திச் சொல்கிறேன்.

பல இடங்களில் ரிவர்ஸ் வீண் வேலையும்கூட. நீளப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்துப் பிறகு குறுக்கே வெட்டும் முறையில் இருக்கும் தையல் முனைகள் எல்லாமே கத்தி உண்டாக்கியவை. நீங்கள் இரு கோடியிலும் அடித்த ரிவர்ஸ், ஓரம் சீர்செய்யும்போதே கழிவோடு போய்விடும். இரண்டு சதுரங்களை அடுக்கி மூலைவிட்டத்தின் இருபுறமும் தைத்து, நடுவில் வெட்டி முக்கோண ஜோடி எடுப்பதிலும் இதே கதை. அளவுக்கு வெட்டும்போது மூலையிலுள்ள தையல் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய தொல்லை சந்திப்புகளில்தான். நான்கு துண்டுகள் கூடும் புள்ளியில் துணியே அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அங்கே மூன்று முறை நூல் போன தையலும் வந்தால் மேடு தட்டுகிறது. ஒரு தையலின் மடிப்பு எதிர்த் தையலின் மடிப்போடு பொருந்தி உட்கார மறுக்கிறது. ரிவர்ஸில் ஊசி பெரும்பாலும் போன வழியிலேயே திரும்பாது, அரை மி.மீ. விலகினாலும் அந்த இடத்தில் துண்டின் அளவு மாறுகிறது. மேட்டைக் குறைக்க ஒரு வழி உண்டு: குறுக்குத் தையலுக்கு வெளியே, ஓர மிச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று குத்துகளை இருபுறமும் பிரித்துவிட்டு, நான்கு மடிப்புகளையும் ஒரே சுற்றில் படியவைத்து இஸ்திரி போடுவது. முனை திறந்திருந்தால் விரலால் லேசாக இழுத்தாலே பிரிந்துவிடும். ரிவர்ஸ் அடித்திருந்தால் தையல் பிரிப்பானை எடுத்துத் துணியைக் கிழிக்காமல் போராட வேண்டும். முக்கோணத்தின் கூர்முனையில் ரிவர்ஸ் அடித்தால் மெஷின் அந்த நுனியை ஊசித் தட்டின் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். முதலில் ஒரு கழிவுத் துண்டில் தைக்கத் தொடங்கி, நூலை வெட்டாமல் ஜோடிகளை அடுத்தடுத்துச் செலுத்தினால் அந்தத் தொல்லையும் இல்லை, வேகமும் கூடும்.

இடைப்பட்ட வழிகள் இரண்டு. முனையில் மட்டும் நீளத்தை 1.5 மி.மீ.க்குக் குறைப்பது ஒன்று. உறுதியானதுதான், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் அளவை மாற்றிக்கொண்டிருந்தால் பொறுமை போய்விடும். மெஷினின் முடிச்சுப் பொத்தான் இன்னொன்று. அது ஒரே இடத்தில் சில குத்துகள் போட்டுச் சின்னக் குமிழை விட்டுச்செல்லும்.

இனி, கட்டாயம் பூட்ட வேண்டிய இடங்கள். மூன்று தையல்கள் ஒய் வடிவில் ஒரு புள்ளியில் கூடும் இணைப்பில் தையல் ஓரம் வரை போகாது; கால் அங்குலம் முன்பே நின்றுவிடும். குறுக்கே எதுவும் கடக்காததால் பூட்டாவிட்டால் அந்தப் புள்ளியில் ஓட்டை விழும். புள்ளியைத் துல்லியமாகக் குறித்து, அதிலிருந்து மூன்று குத்து முன்னே போய், பின்னால் வந்து, குறியைத் தாண்டாமல் நிறுத்துங்கள். ஒரு குத்து தாண்டினாலும் மூன்றாவது துண்டு சுருங்கும். முடிச்சுப் பொத்தான் இங்கேதான் உண்மையாகப் பயன்படுகிறது.

பார்டர் வைத்து முடித்த மேல் அடுக்கின் வெளிவிளிம்பு அடுத்தது. குயில்ட்டின் ஓரத்தைக் கடைசியில் மூடித் தைக்கும் விளிம்புப் பட்டி வரும்வரை அந்த முனைகளைக் கடக்க எதுவும் இல்லை. சட்டத்தில் இழுத்துப் பூட்டிக் குயில்ட் செய்யும்போது எல்லா இழுவையும் அங்கேதான் விழும். பார்டர் தையலின் முனையில் ரிவர்ஸ் அடிக்கலாம். சுற்றிலும் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே ஒரு தையல் ஓட்டிவிடுவது அதைவிட நல்லது. எல்லா முனைகளும் ஒரே வேலையில் பூட்டிக்கொள்ளும், பின்னர் பட்டிக்குள் மறைந்தும் போகும்.

கையால் இணைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தையல் குறியிலிருந்து குறிவரைதான் போகும். ஓர மிச்சத்தைத் தைப்பதில்லை. இரு முனையிலும் ஒரு சின்ன முடிச்சோ பின்தையலோ வேண்டும்.

இவ்வளவும் நெருக்கமாக நெய்த பருத்தியை வைத்துச் சொன்னது. பட்டு, ரேயான் போல வழுக்கும் துணியிலும் இழை உதிரும் தளர்நெசவிலும் இவ்வளவு துணிச்சலாகச் சொல்லமாட்டேன். இரண்டு துண்டுகளை இணைத்து, இஸ்திரி போட்டு, முனையைச் சற்று இழுத்துப் பாருங்கள், 6 மி.மீ.யைத் தாண்டிப் பிரிந்தால் அங்கே ரிவர்ஸே மேல்.