டிரான்சம் முழுசா மாத்திட்டோம்னு சொல்லி மேல பளபளப்புக்கு ஜெல்கோட் பூச்சு மட்டும் அடிச்சுக் குடுத்தாங்க, பழைய பைபர் போட் வச்சிருக்கவங்க உஷார்

பழைய பைபர் போட் வச்சிருக்கவங்க, அதுலயும் பின்னாடி அவுட்போர்டு இன்ஜின் மாட்டி ஓட்டுறவங்க இதக் கொஞ்சம் பொறுமையா படிங்க. இன்ஜின் தொங்கற பின் சுவரை, அதான் டிரான்சத்தை, மாத்தித் தரோம்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல எங்கிட்ட முழுக் காசையும் வாங்கிட்டு, உள்ள மக்கிப் போயிருந்த மரத்தை அப்படியே வச்சு மூடிக் குடுத்துட்டாங்க. காசு போச்சேன்னு மட்டும் இத எழுதல. மொத்த இன்ஜினும் அந்த ஒரு பலகைலதான் தொங்குது, தண்ணி நடுவுல அது பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா இன்ஜினும் போகும், பின்பக்கம் திறந்து தண்ணி உள்ள ஏறி போட்டும் முங்கும். உயிர் விஷயத்துல இப்படி விளையாடலாமா?

புதுசா போட் வாங்கினவங்களுக்காக சொல்றேன், டிரான்சம்னா போட்டோட பின் சுவர். வெளிய பாத்தா முழுக்க பைபர் மாதிரிதான் தெரியும், ஆனா பழைய போட்ல பெரும்பாலும் ரெண்டு பைபர் தோலுக்கு நடுவுல பிளைவுட் வச்சிருப்பாங்க. இன்ஜின் போல்ட் ஓட்டை, தண்ணி வடிய விடுற பிளக் ஓட்டை, ட்ரான்ஸ்டியூசர் (ஆழம் காட்டற கருவியோட சென்சார்) மாட்ட அடிச்ச ஸ்குரூ, இதுல ஏதாவது ஒண்ணுல சீலன்ட் விட்டுப் போனாலே போதும், தண்ணி மெதுவா உள்ள இறங்க ஆரம்பிச்சிடும். இறங்கின தண்ணிக்கு வெளிய போக வழி கிடையாது, ரெண்டு பக்கமும் பைபர் அடைச்சிருக்கே. அதனால வெளிய பளபளன்னு இருக்கும்போதே உள்ள மரம் ஊறிப் போன பஞ்சு மாதிரி ஆகிடும்.

என் போட்ல இன்ஜினைத் தூக்கி வச்சு லெக்கைப் (தண்ணிக்குள்ள இறங்கற கீழ்ப் பகுதி) பிடிச்சு மேலயும் கீழயும் அழுத்தினா டிரான்சமும் சேர்ந்து அசைஞ்சுது, மூலைல மெல்லிசா விரிசல் வேற. சுத்தியல் பிடியால தட்டிக்கிட்டே வந்தா மேல் பக்கம் டக் டக்னு கேக்குது, கீழ வர வர தொப் தொப்னு செத்த சத்தம். இதெல்லாம் பாத்துட்டுத்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். என்ன செய்யப் போறாங்கன்னு கேட்டு எழுதியே வாங்கினேன்: உள் பக்கத் தோலை வெட்டி எடுத்து, மக்கின மரம் முழுசும் சுரண்டி, காய வச்சு, பி.எஸ். 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) தரத்துல 18 மி.மீ. மரைன் பிளைவுட் ரெண்டு அடுக்கு எபாக்சியில (நல்லா இறுகிப் பிடிக்கிற ரெசின்) ஒட்டி, மேல பைஆக்சியல் (ரெண்டு திசைல இழை ஓடற) பைபர் துணி போட்டு மூடறதுன்னு பேச்சு. சரியான முறைதான் அது, அப்படியே செஞ்சிருந்தா இன்னும் ரொம்ப வருஷம் தாங்கியிருக்கும்.

போட் திரும்பி வந்தப்ப பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. வெள்ளை ஜெல்கோட், ஒரு கோடு கூட இல்ல. வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ கேட்டேன், "பசங்க எடுக்க மறந்துட்டாங்க சார், எல்லாம் பக்காவா பண்ணியிருக்கு"ன்னாங்க. பழைய மரத்துண்டு ஏதாவது இருக்கான்னு கேட்டா அதையும் குப்பைல போட்டாச்சாம்.

கொஞ்ச மாசத்துலயே கீழ் போல்ட் பக்கத்துல பழுப்பு நிறத்துல தண்ணி கசிய ஆரம்பிச்சுது. அதே மூலைல அதே விரிசல். இந்தத் தடவை வேற ஒரு பைபர் மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்தேன், அவர் உள் பக்கமா கீழ ஒரு இடத்துல 6 மி.மீ. பிட் வச்சு ஓட்டை போட்டார். நல்ல மரமா இருந்தா வெளுப்பா காஞ்ச தூள் வரணும். பிட்டோட பள்ளத்துல ஒட்டிக்கிட்டு வந்தது கருப்பா, ஈரமா, விரல்ல தேச்சா கூழா பிசுபிசுக்குது, புளிச்ச வாடை. அப்பவே அவர் தலைய ஆட்டிட்டார்.

முழுசா திறந்து பாத்தப்பதான் என்ன பண்ணியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. இன்ஜின் உக்கார்ற மேல் பகுதிய மட்டும் வெட்டி அங்க சாதா பிளைவுட் ஒரு துண்டு சொருகியிருக்காங்க, அடுக்குக்கு நடுவுல காலி இடம் கண்ணுக்கே தெரியுது. அந்தத் துண்டு கீழ இருக்கிற மக்கின மரத்து மேல சும்மா முட்டிக்கிட்டு நிக்குது, வேற பிடிப்பே இல்ல. கீழ்ப் பகுதில ஓட்டை ஓட்டையா போட்டு ரெசினை ஊத்தியிருக்காங்க. ஈரமான மரத்துல ரெசின் ஊறவே ஊறாது, ஊத்தின இடத்துல கட்டி கட்டியா நின்னு போயிருக்கு, சுத்தி இருக்கிற மரம் அப்படியே கூழாத்தான் இருக்கு. பள்ளத்தை நிரப்ப கார் பாடிக்குப் போடற பட்டிய அப்பியிருக்காங்க, அது தண்ணிய உறிஞ்சற சாமான், தண்ணி மட்டத்துக்குக் கீழ வரவே கூடாது.

எனக்கு வயிறு எரிஞ்சது மேல போட்ட பைபரைப் பாத்துதான். ஒரே ஒரு அடுக்கு மேட் (வெட்டின பைபர் இழைய பரப்பி செஞ்ச விரிப்பு), அதுவும் எபாக்சி இல்ல, சாதா பாலியெஸ்டர் ரெசின், கிரைண்டர் பட்டதும் அந்த ரெசினுக்கே உரிய ஸ்டைரீன் வாடை அடிச்சுது. பழைய பைபர் மேல பாலியெஸ்டர் எபாக்சி அளவுக்குப் பிடிக்காது, எத ஒட்டினாலும் முதல்ல நல்லா கிரைண்ட் பண்ணி கண்ணாடி இழை தெரியற வரைக்கும் இறக்கணும், ஓரத்துல தோலோட தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்கு சரிவு எடுக்கணும். இவங்க பெயிண்ட்டைக் கூட சுரண்டல. மேஸ்திரி ஓரத்துல உளி விட்டு நெம்பிட்டு கையால இழுத்தார், ஒரு முழம் நீளத்துக்கு அப்படியே உரிஞ்சு வந்துடுச்சு. அதுலதான் இவ்ளோ நாள் குழந்தைங்களை ஏத்திக்கிட்டு போயிருக்கேன், நினைச்சாலே கை நடுங்குது.

ஒர்க்‌ஷாப்ல போய்க் கேட்டதுக்கு "போட் பழசு சார், நீங்க பெரிய இன்ஜின் மாட்டியிருப்பீங்க"ன்னு சொல்றாங்க. அவங்களே கழட்டி அவங்களே மாட்டின அதே இன்ஜின்தான். எழுதிக் குடுத்த தாளைக் காட்டினதும் பேச்சு மாறிடுச்சு, பாதிக் காசு குடுத்தா திரும்ப செஞ்சு தராங்களாம். நான் ஒத்துக்கல.

அதனால உங்க போட்டை யார்கிட்ட குடுத்தாலும், மூடறதுக்கு முன்னாடி நீங்களோ உங்களுக்கு நம்பிக்கையான ஒருத்தரோ நேர்ல போய்ப் பாக்கணும்னு முன்னாடியே பேசிடுங்க. மரத்தை முழுசா எடுத்த பிறகு வெளித்தோலோட உள்முகம் சுத்தமா, காஞ்சு, கிரைண்ட் பண்ணி இருக்கணும், மூலைலயும் அடியிலயும் ஒரு துளி கருப்பு கூட மிஞ்சக் கூடாது. பிளைவுட்ல இருக்கிற முத்திரைய வெட்டறதுக்கு முன்னாடி பாருங்க, வெட்டின மிச்சத் துண்டு ஒண்ணு கேட்டு வாங்குங்க. கடைசித் தவணைய இதுக்கு அப்புறம்தான் குடுக்கணும். மேல அலுமினியத் தகடு வச்சு போல்ட் போட்டா போதும்னு யாராவது சொன்னா அங்க நிக்கவே நிக்காதீங்க, தகடு நோயை மறைக்கும், அவ்ளோதான். போல்ட் ஓட்டைய முதல்ல பெருசா போட்டு, எபாக்சி நிரப்பி, அது இறுகின பிறகு சரியான அளவுல திரும்ப ஓட்டை போட்டா தண்ணி மரத்தைத் தொடவே தொடாது, இது தெரியாத ஆள்கிட்ட டிரான்சம் வேலைய குடுக்காதீங்க.

இப்ப என் போட் மேஸ்திரிகிட்ட இருக்கு. ஈரத்தை உள்ளயே அடைச்சு வச்சதுல அடில நீளவாக்குல ஓடற தாங்கு கட்டைங்க, அதான் ஸ்ட்ரிங்கர், ரெண்டோட பின் முனையும் மக்கிடுச்சு, முதல் தடவையே ஒழுங்கா திறந்து காய வச்சிருந்தா அது பிழைச்சிருக்கும். அதையும் வெட்டி எடுத்து காய வச்சிருக்கார், ஈரம் பாக்கிற மீட்டர்ல அளவு இறங்கின பிறகுதான் புது பலகை ஏறும்னு சொல்லிட்டார், நானும் அவசரப்படுத்தல.