பிட்ஸ்பர்க் ஐ-376: இரண்டு சுரங்கம், ஏழு வருடம்

போன், மிக்ஸி, கார் என்று எல்லாவற்றுக்கும் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம் எழுதுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் இந்த ஏழு வருடத்தில் நான் அதிகமாகப் பயன்படுத்தியது ஒரு சாலையைத்தான், அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன். வீடு மன்றோவில்லில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்குக்குக் கிழக்கே. அலுவலகம் மூன் டவுன்ஷிப்பில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஊருக்கு மேற்கே. மனைவிக்கு வேலை மன்றோவில் பக்கம், பையனுக்குப் பள்ளியும் அங்கேதான், ஆகவே வீட்டை மாற்றும் பேச்சு ஒவ்வொரு ஜனவரியிலும் எழுந்து மார்ச்சில் அடங்கிவிடும். ஒரு வழிக்கு 30 மைலுக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் ஒரு ஊர் முழுவதையும் கடக்க வேண்டும், அதற்கு இருக்கிற உருப்படியான வழி ஐ-376 என்ற நெடுஞ்சாலை ஒன்றுதான்.

முதலில் பெயர்க் குழப்பம். இந்த ஊரில் யாரும் 376 என்று சொல்ல மாட்டார்கள். டவுன்டவுனுக்குக் கிழக்கே பார்க்வே ஈஸ்ட், மேற்கே பார்க்வே வெஸ்ட். 2009 வரை மேற்குப் பக்கத்துக்கு 376 என்ற எண்ணே கிடையாது; அதில் ஒரு பகுதி 279 ஆக இருந்தது, விமான நிலையம் தாண்டிப் போவது 60 ஆக இருந்தது. என் அலுவலகத்தில் வயதானவர் ஒருவர் இன்றும் "279ஐப் பிடித்து வா" என்றுதான் வழி சொல்வார். அதுகூடப் பரவாயில்லை, இந்த ஊர்க்காரர்கள் இடித்துப் பல வருடமான கடையை அடையாளம் வைத்து வழி சொல்பவர்கள். "அந்தக் கடை இருந்ததே, அங்கே இடதுபக்கம் திரும்பு" என்றால் புதிதாக வந்தவன் எங்கே போய்த் திரும்புவது?

சரி, சாலைக்கு வருவோம். இந்த வழியில் இரண்டு சுரங்கம். கிழக்கே ஸ்குவிரல் ஹில், 1953இல் திறந்தது, 4,225 அடி நீளம். மேற்கே ஃபோர்ட் பிட், 1960இல் திறந்தது, 3,614 அடி. இரண்டிலும் போக இரண்டு லேன், வர இரண்டு லேன். மலையைக் குடைந்தது என்பதால் ஒரு லேன் கூட்டுகிற வேலை நினைத்தால் நடக்கிற காரியமில்லை. 1950களின் காருக்குப் போட்ட வழியில்தான் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஸ்குவிரல் ஹில்லைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. காலையில் ஊருக்குள் வருகிற கூட்டத்தோடு அதற்குள் போகிறேன், மாலையில் ஊரைவிட்டுப் போகிற கூட்டத்தோடு திரும்பி வருகிறேன், இரண்டுமே நெரிசல் நேரம். முதல் ஆறு மாதம் நான் நினைத்தது, உள்ளே ஏதோ விபத்து, அல்லது லேன் குறைகிறது, அதனால்தான் இப்படி நிற்கிறது என்று. இல்லை. சுரங்கத்துக்கு முன்னாலும் இரண்டு லேன்தான், உள்ளேயும் இரண்டுதான். உள்ளே போனதும் வண்டி தானாக வேகம் பிடிக்கும், மறுபக்கம் வெளியே வந்தால் சாலை காலியாகக் கிடக்கும். அடைப்பு இருப்பது வாசலில் மட்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகப்போகிறோம், பக்கச் சுவர் நெருங்கி வருகிறது, எல்லார் காலும் ஒரு நொடி பிரேக்குக்குப் போகிறது. முதல் ஆள் லேசாகத் தொடுகிறார், பின்னால் வருபவர் கொஞ்சம் அழுத்துகிறார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் அழுத்துகிறார், இப்படியே போய் ஒரு மைல் பின்னால் ஒருவர் காரணமே தெரியாமல் முழுதாக நின்றுகொண்டிருப்பார். போதாததற்கு, வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் எட்ஜ்வுட், சுவிஸ்வேல் பக்கத்திலிருந்து வண்டிகள் வந்து சேரும். எதிர்த் திசையில் ஸ்குவிரல் ஹில் எக்ஸிட்டே சுரங்க வாசலில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இந்தப் பக்க ராம்ப்கள் எல்லாம் குட்டை, வேகம் பிடிப்பதற்குள் தீர்ந்துவிடும். சுரங்கத்துக்குள் ஒரு பூதம் இருக்கிறது, அதற்குப் பயந்துதான் எல்லாரும் பிரேக் போடுகிறார்கள் என்று உள்ளூரில் ஒரு கேலி உண்டு. வேகத்தைக் குறைக்காதே என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் போர்டைப் படிக்க ஒருத்தன் வேகத்தைக் குறைப்பான் என்பது என் நம்பிக்கை.

சுரங்கம் முடிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொள்வது இங்கே குழந்தைகளின் விளையாட்டு. என் பையன் முதல் தடவை வாசலுக்கு நூறடி முன்னாலேயே கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தான். வண்டி நகரவில்லை. முகம் சிவந்து, விட்டுவிட்டு, "அப்பா, இது போங்கு" என்றான். அன்றிலிருந்து ஃபோர்ட் பிட்டில் மட்டும்தான் அந்த ஆட்டம்.

இன்னொரு கூத்து, உயரமான லாரி. சுரங்கத்தின் உயரத்துக்கு மேல் இருக்கிற லாரி வந்தால் முன்னாலேயே கண்டுபிடித்துச் சிவப்பு விளக்கைப் போட்டு எல்லாரையும் நிறுத்திவிடுவார்கள். அந்த லாரியைப் பின்னால் எடுக்க வைத்துத் திருப்பி அனுப்பும்வரை நாம் அத்தனை பேரும் தவம். எனக்கு இது நாலைந்து முறை நடந்திருக்கிறது, ஒரு முறை அலுவலகத்தில் நான் விளக்கம் சொல்ல வேண்டிய கூட்டத்தன்று.

ஸ்குவிரல் ஹில் தாண்டினால் மோனங்கஹீலா ஆற்றை ஒட்டிச் சாலை போகும். டவுன்டவுனுக்குக் கீழே ஒரு பள்ளமான இடம் உண்டு, அதற்கு உள்ளூர்ப் பெயர் 'பாத்டப்'. பெயர் சும்மா வரவில்லை. ஆற்று மட்டம் சுமார் 25 அடிக்கு வந்தால் தண்ணீர் இங்கே ஏறும், அந்த இடத்தை மூடிவிடுவார்கள். பனி உருகுகிற நாளில் மழையும் சேர்ந்துகொண்டால் காலை எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது ஆற்று மட்டத்தைத்தான். இதற்கு முன்பே மூழ்குகிறது ஆற்றங்கரையில் இருக்கும் பார்க்கிங். அங்கே காரை விட்டுவிட்டு மறந்தவர்கள் கதை ஒவ்வொரு வருடமும் ஒன்று வரும்.

அப்புறம் ஃபோர்ட் பிட் பாலம். இரண்டு அடுக்கு, 1959இல் திறந்தது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் கீழ் அடுக்கு, உள்ளே வருகிறவர்கள் மேல் அடுக்கு. பாலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால் மலையில் சுரங்கத்தின் இரண்டு வாய்களும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கீழே. காலையில் எனக்குக் கிடைப்பது கீழ் அடுக்கு: தலைக்கு மேல் இரும்பு, பக்கத்தில் இரும்பு, வடக்கிலிருந்து, அங்கே இன்னும் 279 என்றே இருக்கிற சாலையில் வந்து சேருகிறவர்கள் ஒருபக்கம், 51ஆம் எண் சாலைக்குப் பிரிந்து போக வேண்டும் என்று கடைசி நொடியில் குறுக்கே பாய்கிறவர்கள் மறுபக்கம். இதெல்லாம் சில நொடிக்குள். ஏழு வருடத்துக்குப் பிறகும் இங்கே ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

மாலையில் மேல் அடுக்கு. இந்த வழியில் வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரே விஷயம் இதுதான். கிரீன் ட்ரீ மேட்டிலிருந்து இறங்கி வரும்போது ஊர் இருக்கிற அடையாளமே தெரியாது, மரமும் மலைச் சரிவும்தான். சுரங்கத்துக்குள் போய் ஒரு நிமிடம் கழித்து வெளியே வந்தால் கண்ணுக்கு முன்னால் மொத்த ஊரும் நிற்கும்: உயரமான கட்டடங்கள், மூன்று ஆறு சேருகிற முனையில் நீரூற்று, இடதுபக்கம் அக்கரையில் விளையாட்டரங்கங்கள், எங்கே பார்த்தாலும் மஞ்சள் பாலங்கள். அம்மா முதல் தடவை வந்தபோது விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தேன். பயணக் களைப்பில் கண்ணை மூடியிருந்தவர் சுரங்கச் சத்தத்தில் விழித்து, வெளியே வந்ததும், "ஏன்டா, மலைக்குள்ள பூந்தோம், வெளிய வந்தா ஊரே மாறிப்போச்சு?" என்றார். இதைவிடச் சரியாக அந்த இடத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் ஓட்டுகிறவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இது ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: சுரங்கத்துக்குள் போவதற்கு முன்பே எந்த லேன் என்று முடிவு செய்துவிடுங்கள். வடக்கே 279க்குப் போகிறவர்களுக்கு இடதுபக்கம், 376இல் மன்றோவில் பக்கம் போகிறவர்களுக்கு வலதுபக்கம். வெளியே வந்து லேன் மாறலாம் என்றால் பாலம் அதற்குள் முடிந்துவிடும். போனில் வழி சொல்கிற அம்மணியை நம்பவே நம்பாதீர்கள். சுரங்கத்தில் சிக்னல் போய், வெளியே வந்து நினைவு திரும்பும்போது மேல் அடுக்கா கீழ் அடுக்கா என்று அதற்கே தெரியாது. நான் முதல் மாதத்தில் மூன்று முறை தவறி ஃபோர்ட் டுக்கேன் பாலம் ஏறி அக்கரைக்குப் போயிருக்கிறேன். அந்தப் பாலத்துக்கே ஒரு கதை உண்டு. 1963இல் நடுப்பகுதியைக் கட்டி முடித்துவிட்டு, அக்கரையில் இறங்கும் ராம்ப் இல்லாமல் பல வருடம் அந்தரத்தில் நின்றது. 1964இல் ஒரு கல்லூரி மாணவர் தடுப்பை உடைத்துக்கொண்டு காரோடு முனையிலிருந்து பறந்து, அக்கரையில் தலைகீழாக விழுந்து, காயமில்லாமல் எழுந்து வந்தார். நான் வழி தவறியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

மாற்று வழி இல்லையா என்று கேட்பவர்களுக்கு: மற்ற ஊர்களைப் போல இங்கே ஊரைச் சுற்றிப் போகிற முழு வட்டச் சாலை கிடையாது. அதற்குப் பதில் நிறத்தின் பெயரால் வட்டங்கள் இருக்கின்றன, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று, கம்பத்தில் அந்த நிறத்தில் ஒரு வட்டம் போட்ட போர்டு. கேட்க அழகாக இருக்கும். எல்லாமே சாதாரணத் தெருக்களைக் கோத்த வழிதான். ஒரு நாள் பொறுமை இழந்து நீலத்தைப் பிடித்துப் போய், சிக்னல் சிக்னலாக நின்று, மேடு மேடாக ஏறி, பார்க்வேயைவிட அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். டர்ன்பைக் என்கிற சுங்கச் சாலையில் வடக்கே ஏறி 79ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக இறங்கி வரலாம். தூரமும் ஏறும், சுங்கமும் போகும். பெரிய விபத்து நாளில் மட்டும் செய்வேன்.

தெருவில் இறங்குவதாக இருந்தால் ஒரு பாடம்: பிட்ஸ்பர்க் லெஃப்ட். பச்சை விழுந்ததும் எதிரே இடதுபக்கம் திரும்ப நிற்கிற முதல் வண்டிக்கு வழி விடுவது இங்கே வழக்கம். சட்டத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. முதல் வருடம் ஹாரன் அடித்தேன், இப்போது கையை ஆட்டி வழி விடுகிறேன்.

வண்டிக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பனிக்கு உப்பு, உப்பால் துரு, பிப்ரவரி மார்ச்சில் பனி உறைந்து உருகி உறைந்து சாலை பெயர்ந்து குழி. பாலங்கள் நிறைந்த வழி என்பதால் தரையில் ஒன்றும் இல்லாத காலையிலும் பாலத்தின் மேல் வழுக்கும். ஏழு வருடத்தில் இரண்டு டயர், ஒரு ரிம், அலைன்மென்ட் எத்தனை முறை என்று எண்ணவில்லை. பென்சில்வேனியாவில் வருடா வருடம் வண்டியைப் பரிசோதனைக்கு விட வேண்டும், அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவார். ஒரு பட்டறையில் துரு என்று சொல்லி மாற்றத் தேவையில்லாத ஒன்றுக்குக் காசு வாங்கிவிட்டார்கள், வேறு இடத்தில் காட்டிய பிறகுதான் தெரிந்தது. இப்போது குளிர்காலத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை அடிப்பக்கம் கழுவுகிறேன். அதில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

வார இறுதியில் இதே சாலை எனக்கு வேறு மாதிரி. பென் ஹில்ஸ் கோயில், 1977இல் கும்பாபிஷேகம் நடந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா, பார்க்வேயிலிருந்து சில நிமிடம்தான். பழைய ஆட்கள் சொல்வார்கள், அப்போதெல்லாம் பல மாநிலங்களிலிருந்து விடிய விடிய ஓட்டி இங்கே வருவார்களாம், அவர்கள் ஊரில் கோயில் இல்லை. இன்றும் சனிக்கிழமை பார்க்கிங்கில் பக்கத்து மாநிலமான ஒஹாயோவின் வண்டி எண் நிறைய தெரியும். கோயில் புளியோதரைக்காகவே நான் போகிறேன் என்று மனைவி சொல்வாள், மறுக்கவில்லை. சுரங்கம் எதையும் தாண்டாமல் போகக்கூடிய ஒரே நல்ல இடம் அது.

நேரக் கணக்கு இது: காலை 6:10க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் 45 நிமிடம். 6:40க்குக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். 7:15க்கு என்றால் கணக்கே கிடையாது, அன்றைய விதி. வெள்ளி மாலை மூன்று மணிக்கே நிரம்பிவிடும். இரவிலும் வார இறுதியிலும் பராமரிப்புக்காகச் சுரங்கத்தில் ஒரு பக்கத்தை மூடுவார்கள், விமானம் பிடிக்கப் போகிறவர்கள் அதை முந்தின நாளே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த தலைவலி ஸ்குவிரல் ஹில் சுரங்கத்தின் கிழக்கு வாசலை ஒட்டி இருக்கிற கமர்ஷியல் ஸ்ட்ரீட் பாலம். பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய பாலத்தைக் கட்டி, பழையதை எடுத்துவிட்டு இதை அப்படியே நகர்த்தி அந்த இடத்தில் வைப்பது திட்டம், நகர்த்துகிற சமயத்தில் சில வாரம் சாலையே மூடப்படும். 2022 ஜனவரியில் இதே பக்கத்தில் ஃபோர்ப்ஸ் அவென்யூவின் ஃபெர்ன் ஹாலோ பாலம் காலையில் பஸ்ஸோடு இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது, அதனால் மூடுகிறோம் என்றால் முனகிக்கொண்டே ஒப்புக்கொள்கிறோம். அந்த வாரங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய மேலாளரிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். அவர் வீடு மூன் டவுன்ஷிப்பிலேயே, அலுவலகத்திலிருந்து ஆறு நிமிடம். "அந்தச் சமயத்தில் பார்க்கலாம்" என்றார்.