குழுவின் கோடிங் விதிகள் கர்சருக்குள் வர: சப்மாட்யூலா, எம்சிபி சர்வரா?

எங்கள் குழு கோடு எழுதுவது கர்சர் என்ற ஏஐ எடிட்டரில். எங்களிடம் 5 ரெப்போ (கோடு சேமிப்பிடம்). கோடிங் விதிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. முதலில் ஒவ்வொன்றிலும் விதிகளைக் காப்பி செய்து வைத்தோம். மூன்றாம் வாரமே ஐந்தும் ஐந்து விதமாகிவிட்டன. அந்த வழி அதோடு சரி.

மிச்சம் இரண்டு. விதிகளை எம்சிபி சர்வரில் (ஏஐ மாடலுக்கு வெளியிலிருந்து தகவலும் டூல்களும் தரும் சர்வர்) வைத்து, மாடல் கேட்கும்போது கொடுக்கலாம். இல்லையென்றால் தனி கிட் ரெப்போவில் வைத்து, கர்சரின் ரூல்ஸ் ஃபோல்டராக சப்மாட்யூல் (ஒரு ரெப்போவுக்குள் இணைக்கும் இன்னொரு ரெப்போ) போடலாம். நாங்கள் இப்போது இருப்பது சப்மாட்யூலில்.

எம்சிபியில் ஓரிடத்தில் மாற்றினால் உடனே எல்லோருக்கும் புது விதி. ஆனால் டூலைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று மாடல்தான் முடிவு செய்யும். 'பணம் எப்போதும் பைசாவில், முழு எண்ணாக' என்பது எங்கள் முதல் விதி. சோதனையில் பில்லிங் கோடு கேட்டபோது டூல் பக்கமே போகாமல் தொகையை ஃப்ளோட்டில் (தசம எண்ணாக) எழுதிவிட்டது. அதே விதியை ரூல்ஸ் கோப்பில் பில்லிங் ஃபோல்டருக்கு குளோப் (எந்தக் கோப்புகளுக்கு விதி என்று சொல்லும் பாத் பேட்டர்ன்) போட்டு வைத்தால், பில்லிங் கோப்பு ஒன்று உரையாடலுக்குள் வந்ததும் விதியும் கூடவே வருகிறது.

என்னை முழுதாகச் சாய வைத்தது பராமரிப்பு. விதிகளை வாராவாரம் திருத்த வேண்டியிருக்கிறது. 'பிழைகளைச் சரியாகக் கையாளவும்' என்று ஒரு வரி இருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் ஏஐ காலி கேட்ச் பிளாக் (பிழையைப் பிடித்து எதுவும் செய்யாமல் விடும் கோடு) எழுதியது. ஜூனியர் ஒருவர் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) போட்டார்: 'கேட்ச் காலியாக இருக்கக் கூடாது, லாக் எழுதி, மறுபடி த்ரோ செய்.' இரண்டு பேர் பார்த்து மெர்ஜ் செய்தோம். யார் மாற்றினார், ஏன் மாற்றினார் எல்லாம் கிட் லாக்கில் இருக்கிறது. எம்சிபிக்குப் பின்னாலும் கிட் வைக்கலாம், உண்மைதான். அப்புறம் சர்வரையும் டோக்கனையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், எங்களிடம் இல்லை.

சப்மாட்யூலிலும் தொல்லை உண்டு. ஒரே கமிட்டில் (சேமித்த ஒரு பதிப்பில்) நிற்கும், தானாக நகராது. குளோன் செய்யும்போது ரெகர்ஸ் ஆப்ஷனை மறந்தால் ஃபோல்டர் காலி. அதனால் செட்டப் ஸ்கிரிப்டில் சப்மாட்யூல் அப்டேட்டைச் சேர்த்தோம். திங்கள்தோறும் தானாக ஓடும் ஒரு சிஐ ஜாப் புது கமிட்டுக்கு நகர்த்தி புல் ரிக்வெஸ்ட் போடுகிறது.

எம்சிபியை நாங்கள் ஓட்டிப் பார்த்தது 2 வாரம்தான். 50 ரெப்போ உள்ள இடத்தில் கணக்கு மாறலாம். குழுவில் பாதிப் பேர் வேறு எடிட்டர் என்றால் விதிகளை ஏஜென்ட்ஸ் டாட் எம்டி (AGENTS.md) கோப்பில் எழுதுங்கள். பல எடிட்டர்கள் அதைப் படிக்கும். குளோப் மட்டும் கிடையாது, பில்லிங் விதியை பில்லிங் ஃபோல்டருக்குள்ளேயே தனிக் கோப்பாக வைக்க வேண்டும்.