தெரியாத நம்பர்: மௌனமாக்குவதா, புளொக் பண்ணுவதா?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் விளம்பரக்காரர் போன் எடுப்பார்கள். காப்புறுதி, கடனட்டை, இல்லாவிட்டால் ஏதோ புதுப் பக்கேஜ். யாழ்ப்பாணத்து வீடொன்றில் இதை நிறுத்த எந்த வழி சரிவரும்?

அதிக நிம்மதி தருவது, தெரியாத எண்களை ஒரேயடியாக மௌனமாக்குவது. ஐபோனில் 2019 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் எங்கள் ஊரில் தெரியாத நம்பர் எல்லாம் வேண்டாத நம்பர் இல்லை. கனடாவிலிருந்து சித்தப்பா கோலிங் காட் போட்டு எடுத்தால் இங்கே என்ன எண் விழும் என்று அவருக்கே தெரியாது. கூரியர் பொடியன் ஒழுங்கை முகப்பில் நின்று ரெண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டுப் பார்சலோடு போய்விடுவான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பும் அப்படித்தான். வட்ஸ்அப்பில் 2023இல் வந்த இதே வசதியை மட்டும் தயங்காமல் போட்டு வைக்கலாம். நம்பர் மாற்றிய மச்சான் முதலில் ஒரு மெசேஜ் போடட்டுமே.

அடுத்தது ட்ரூகோலர். சுவீடன்காரரின் செயலி. எடுப்பது யார் என்று காட்டுவதில் கெட்டிக்காரன். பலர் தொல்லை என்று குறித்த எண் சிவப்பாக வரும். ஆனால் வேறு யாரோ தங்கள் போனிலுள்ள எண்களை அதற்குக் கொடுத்திருந்தால், அந்தச் செயலியைத் தொட்டே பாராத உங்கள் அன்ரியின் பெயரும் நம்பரும்கூட அதில் கிடக்கலாம். நீக்கச் சொல்லி அவர்களுடைய தளத்தில் கேட்கலாம், ஆனால் அன்ரி எங்கே போய்க் கேட்பது! அந்தரங்கத்தைக் காக்க அடுத்தவர் அந்தரங்கத்தில் கைவைப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஒவ்வொன்றாக புளொக் பண்ணுவது மந்தமான வழி. நாளைக்கு வேறு எண்ணில் வருவார்கள். என்றாலும் யாருக்கும் நட்டமில்லாததால் என் வாக்கு இதற்கே.

விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909க்கு மெசேஜ் அனுப்பச் சொல்லி யூடியூபில் சொல்கிறார்களே என்று கேட்கிறார்கள். அது இந்திய எண்களுக்கு. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் இல்லாமல் விளம்பரச் செய்தி அனுப்பக்கூடாது, வேண்டாமென்றால் செலவில்லாமல் விலக வழி விடவேண்டும் என்கிறது. சட்டத்தை வைத்துக்கொண்டு மணியடிப்பதை நிறுத்த முடியாது, ஆனால் “என் நம்பர் எங்கே எடுத்தீங்கள்?” என்று கேட்கத் தெம்பு வரும்.

அந்தக் கேள்விக்குப் பதில் அநேகமாக நாங்களேதான். நல்லூர்த் திருவிழாக் காலத்துக் கடைகளில், முற்றவெளிக் கண்காட்சியில், பரிசுக் கூப்பன் என்று நீட்டினால் பெயர், விலாசம், போன் நம்பர் மூன்றையும் அழகாக எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருகிறோம். பில் போடும் பிள்ளை “நம்பர் சொல்லுங்கோ” என்றாலும் அப்படித்தான். “தேவையில்லைத் தங்கச்சி” என்றால் பில் வராமல் போகாது.

வீட்டில் 021 என்று தொடங்கும் லாண்ட்லைன் இருந்தால் கதை வேறு. அதை எடுப்பது பெரும்பாலும் அம்மம்மா. மணி அடித்தால் எடுக்காமல் இருக்க அவவால் முடியாது. எண் காட்டும் போன் ஒன்றை மாட்டி, பிள்ளைகளின் எண்களைப் பெரிய எழுத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பரிசு விழுந்தது, ஓடிபி சொல்லுங்கோ என்று யாரும் கேட்டால் “மகன் வந்த பிறகு எடுங்கோ” என்று வைத்துவிடச் சொல்லிக்கொடுங்கள்.