வடசேரி வீடு, கோட்டாறு கடை: இரண்டு ஃபைபர் இணைப்புகளோடு சில வருடங்கள்

நாகர்கோவிலில் ஃபைபர் எடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் ஸ்பீடைத்தான் விசாரிக்கிறார்கள். வடசேரி வீட்டில் ஒரு நிறுவனம், கோட்டாறு கடையில் வேறொன்று என்று இரண்டையும் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். 100 எம்பிபிஎஸ்ஸுக்கும் 200க்கும் வித்தியாசம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்ததில்லை. லைன் போனால் ஆள் எப்போது வருவார் என்பதுதான் பேச்சு.

லைன் போகத்தான் செய்யும். இடவப்பாதி மழை, அப்புறம் ஐப்பசி மழை. இடையில் காற்றடித்தால் தென்னை மட்டை சரியாகக் கேபிள் மேல்தான் விழும். மோடத்தில் சிவப்பு லைட் எரிந்தால், ஃபைபர் இழை வழியாக டேட்டாவைக் கொண்டுவரும் வெளிச்சம் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். அணைத்துப் போட்டுப் பயனில்லை. போன ஐப்பசியில் அப்படி ஆனபோது, வீட்டு இணைப்புக்கு வரும் தம்பி கம்பத்தில் ஏணியைச் சாய்த்து, பெட்டியைத் திறந்து மீட்டரைச் செருகினார். வெளிச்சத்தின் பலம் மைனஸ் 19 டிபிஎம் (மைனஸ் எண் பெருகப் பெருக வெளிச்சம் மங்கல்). வீட்டுப் பக்கம் ஒன்றுமே காட்டவில்லை. "மைனஸ் 27க்கு கீழ போனாத்தாண்ணே மோடம் பிடிக்காது. கம்பத்துல சரியா இருக்கு, இடையிலதான் ஒடிஞ்சு கெடக்கு" என்றார். தலைமுடி அளவு இழையைச் சீவி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து உருக்கி ஒட்டிவிட்டார். காலையில் சொன்னது, மதியம் சரி.

கடை நிறுவனத்தில் இந்தக் கதையே இல்லை. எங்கிருந்தோ ஒருவர் போனை எடுப்பார், புகார் எண் தருவார்; யாரும் வராமலே 'தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வரும்.

அந்தக் கம்பத்துப் பெட்டிக்குள் ஒரு ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. ஒரே இழையில் வரும் வெளிச்சத்தைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும். ஓர் இழையை 32, 64 வீடுகள்கூடப் பகிரும். ஜிபான் (GPON) என்கிற இந்தப் பகிர்வு முறையில் அத்தனை பேருக்கும் சேர்த்து வருவது நொடிக்கு 2.5 ஜிகாபிட். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. அதனால் மின்தடை நேரத்தில் மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் இருந்தால் நெட் ஓடும், ஆபரேட்டர் அலுவலகத்தில் பேட்டரி நன்றாக இருக்கும்வரை.

எனக்கு விளங்காமல் இருந்தது கடைக் கேமரா. வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் படம் மட்டும் தயங்கித் தயங்கி வரும். டேட்டா போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையைப் போட்டால் சென்னை தெரிந்தது. இரண்டு நிறுவனங்களும் நம்ம ஊரில் கைகோர்க்கவில்லை. டேட்டா சென்னை வரை போய் அங்கே கைமாறித் திரும்புகிறது. போக 700 கிலோமீட்டர், வர 700! போதாக்குறைக்கு இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோடுகிறார்கள். அதனால் வெளியிலிருந்து டிவிஆரை (கேமரா பதிவுப் பெட்டியை) நேராகத் தொடமுடியாது, கேமரா கம்பெனி சர்வரையும் சுற்ற வேண்டும். நமக்கென்றே மாறாத முகவரியாக ஸ்டேடிக் ஐபி வாங்கலாம். அதற்குத் தனிக் காசு, 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

சந்தா முடிந்ததும் கடையையும் வீட்டு நிறுவனத்துக்கே மாற்றப்போகிறேன். "அப்போ டேட்டா ஊருக்குள்ளேயே நிக்குமா தம்பி?" என்று கேட்டேன். அவர்கள் ரூட்டர் மதுரையில் இருக்கிறதாம். சரி, சென்னையைவிட மதுரை எவ்வளவோ பக்கம்.